மூச்சும் உறக்கமும்

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பகலெல்லாம் வயலில் உழைத்தவனுக்குக் கட்டிலும் மெத்தையும் வேண்டியதில்லை; களத்து மேட்டில் துண்டை விரித்துப் படுத்தாலும் உறங்கிவிடுவான் என்பது அதன் கருத்து. உடற்களைப்பைப் பொறுத்த மட்டில் இது முற்றிலும் உண்மையே. ஆனால் பழமொழி சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. உடல் எவ்வளவுதான் களைத்திருந்தாலும், மனம் விழித்திருக்குமானால் உறக்கம் வருவதில்லை.

அறுவடை செய்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து வைத்துவிட்டு இரவில் வீடு திரும்பிய குடியானவர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். மேற்கே மின்னல் வெட்டுகிறது. மூடிவிட்டு வந்த தார்ப்பாய் போதுமா என்ற எண்ணம் முதலில் எழுகிறது. அதன் பின்னால், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனின் தவணை நினைவுக்கு வருகிறது. அதற்கும் பின்னால், மகளின் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம் வந்து நிற்கிறது. ஒன்றை விலக்கினால் மற்றொன்று முன்னே வருகிறது. அவர் புரண்டு புரண்டு படுக்கிறார். கோழி கூவும் வேளையில் கண் அயர்கிறது. அதற்குள் பால் கறக்கும் நேரம் வந்துவிடுகிறது.

மறுநாள் இவர் மின்மோட்டாரின் விசையைத் தொட வேண்டியவர்; டிராக்டரை வரப்போரம் திருப்ப வேண்டியவர்; பூச்சிமருந்தை அளந்து கலக்க வேண்டியவர். உறக்கம் கெட்ட கண்ணும் கையும் இவ்வேலைகளில் தவறுமானால் நேரும் சேதம் சிறிதன்று. அவ்வாறே உறக்கமின்றிச் சிடுசிடுப்புடன் கூட்டத்திற்கு வந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர் சொல்லும் ஒரு கடுஞ்சொல், இரு தெருக்களின் உறவையே கெடுத்துவிடக் கூடும். ஆகையால் உறக்கம் என்பது வசதியுள்ளவர்களின் சுகம் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்ல விதையையும் நீரையும் போல அதுவும் உழைப்பவனின் மூலதனமே.

உறக்கம் வருவதற்கும், பகலில் மனத்தின் இறுக்கம் தளர்வதற்கும், மூச்சைக் கவனித்தல் என்னும் எளிய பயிற்சி துணை செய்கிறது. இதற்குப் பணச் செலவு இல்லை. கருவி எதுவும் வேண்டாம். இப்பயிற்சி மழையை நிறுத்தாது, கடனையும் அடைக்காது. எனினும் இதனால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அது எது, அதன் எல்லை எது என்ற இரண்டையும் இங்கே காண்போம்.

உறக்கம் வராதிருப்பது ஏன்?

நம் விருப்பத்தைக் கேளாமலே நடைபெறும் வேலைகள் உடலில் பல உண்டு. இருதயம் துடித்தல், இரைப்பை செரித்தல், வியர்வை சுரத்தல் ஆகியவை அத்தகையவை. இவற்றை நடத்தும் நரம்புகள் இரண்டு பிரிவாக அமைந்துள்ளன. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். முன்னது முடுக்கிவிடும், பின்னது அமர்த்தும். வண்டிக்காரன் கையில் தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும் இருப்பதைப் போன்றது இந்த ஏற்பாடு. இரண்டும் வேண்டும். தார்க்குச்சி மட்டுமே இருந்தால் மாடு ஓடி ஓடி வீழ்ந்துவிடும்.

வால்ட்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், அச்சமும் கோபமும் நேரும்போது உடலில் உண்டாகும் மாறுதல்களை ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது.

கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்ததைக் கண்டவனுக்கு இந்த ஆயத்தம் மிகவும் தேவையானது. துன்பம் என்னவென்றால், பன்றியைக் கண்டபோது உண்டாகும் ஆயத்தமே, பாயில் படுத்துக்கொண்டு தவணை நாளை நினைக்கும்போதும் உண்டாகிறது. எதிரே நிற்கும் ஆபத்துக்கும் எண்ணத்தில் தோன்றும் ஆபத்துக்கும் உடல் பெரிய வேற்றுமை காண்பதில்லை. பன்றியை விரட்டிவிட்டால் நெஞ்சின் படபடப்பு அடங்கிவிடும். தவணையை நள்ளிரவில் விரட்ட முடியாது. ஆகவே படபடப்பும் அடங்குவதில்லை. காவல் காக்கப் புறப்பட்ட உடலை உறங்கு என்றால் அது எவ்வாறு உறங்கும்?

இதனுடன் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. 'இன்னும் உறக்கம் வரவில்லையே, நாளை வேலை கெடுமே' என்று கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, உறக்கமின்மையே புதியதொரு கவலையாகிவிடுகிறது. உறங்கியே தீருவேன் என்று முயல்வதும் ஒருவகை விழிப்புத்தான். உறக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க எவராலும் இயலாது. அது வருவதற்கு ஏற்ற நிலையை உண்டாக்கி வைப்பதே நம்மால் முடிந்த காரியம்.

நம் சொற்படி கேட்கும் ஒரே கயிறு

இருதயத்தை நோக்கி 'மெதுவாகத் துடி' என்றால் அது கேட்பதில்லை. இரைப்பையும் கேட்பதில்லை. ஆனால் மூச்சின் தன்மை வேறு. நாம் மறந்திருக்கும்போதும், உறங்கும்போதும் அது தானே நடக்கிறது. நாம் விரும்பினால் நம் சொற்படியும் நடக்கிறது. தானியங்கும் வேலைகளின் கூட்டத்தில் நம் கைக்கு எட்டும் கயிறு இது ஒன்றே. பெருவலி படைத்த காளையை மூக்கில் கோத்த சிறு கயிற்றால் திருப்புகிறோம் அல்லவா? மூக்கின் வழியே செல்லும் மூச்சைக் கொண்டு உடலைத் திருப்புவதும் அத்தகையதே.

இது நடைபெறும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இருதயத் துடிப்பு சிறிது விரைகிறது. வெளியே விடும்போது சிறிது தணிகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு ஆழ்ந்து மூச்சு விட்டால் பலருக்கு இவ்வேற்றுமை விரலுக்கே தெரியும். தணியச் செய்வது வேகஸ் என்னும் நரம்பு. மூளையின் அடிப்பகுதியில் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, இருதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றுக்குக் கிளைவிடும் நீண்ட நரம்பு இது. அமர்த்தும் நரம்புகளில் தலையாயது.

இந்நரம்பைப் பற்றிய கண்டுபிடிப்பு ஒன்று உறக்கத்திலேயே பிறந்தது என்பது சுவையான செய்தி. ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரில் பணியாற்றிய ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி, ஓர் இரவு கனவில் ஒரு சோதனையின் வழியைக் கண்டு, எழுந்து குறித்து வைத்தார். காலையில் தம் எழுத்தே தமக்குப் புரியவில்லை. மறு இரவு அதே எண்ணம் மீண்டும் தோன்றவே, உடனே எழுந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்று சோதனையைச் செய்து முடித்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். தவளை ஒன்றின் இருதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விருதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் சேர்த்தார். இரண்டாவது இருதயமும் துடிப்புத் தணிந்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரந்து அதன் வழியே செய்தி சொல்கிறது என்பதை உலகம் இவ்வாறு அறிந்தது. 1921-ஆம் ஆண்டில் இதை வெளியிட்ட லோவிக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே வெளிமூச்சு நீளுமானால், இருதயம் தணியும் நேரமும் நீளுகிறது. ஓய்ந்திருக்கும் வயது வந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார். இதை ஆறு அளவுக்குக் குறைத்தால் இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சோடு இசைந்து அசைகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இத்தாலி நாட்டைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவர் துணைவர்களும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. கிறித்தவர்களின் செபமாலையைச் சொல்லும்போதும், யோக மந்திரத்தைச் சொல்லும்போதும், ஒருவருடைய மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகவே அமைகிறது என்று அவர்கள் கண்டனர். வழிபாடு வேறாயினும் மூச்சின் நடை ஒன்றாக இருந்தது.

பழைய வித்தை, புதிய ஆராய்ச்சி

மூச்சைப் பழக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. மூச்சை உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும், உள்நிறுத்தலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். திருமூலர் தம் திருமந்திரத்தில் பிராணாயாமத்தைப் பற்றித் தனியே பாடியுள்ளார். உள்ளே வரும் மூச்சையும் வெளியே செல்லும் மூச்சையும் உள்ளது உள்ளபடி கவனித்தலைப் புத்தர் கற்பித்தார். பாலி மொழியில் அதற்கு ஆனாபானசதி என்று பெயர்.

இவற்றை விஞ்ஞான முறைப்படி சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் நம் நாட்டிலேயே தோன்றியது. மகாராஷ்டிரத்தின் லோனாவளாவில் சுவாமி குவலயானந்தர் 1924-ஆம் ஆண்டில் கைவல்யதாமம் என்ற நிலையத்தை நிறுவி, பிராணாயாமத்தால் உடலில் நேரும் மாறுதல்களை அளந்தறியும் வேலையைத் தொடங்கினார். பின்னர், அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் 1975-இல் வெளியிட்ட நூலில், அச்சத்திற்கு உடல் ஆயத்தமாவதைப் போலவே ஓய்வுக்கும் அது ஆயத்தமாகும் நிலை ஒன்று உண்டு என்பதை விளக்கினார். அந்நாட்டிலேயே ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் வருந்தும் நோயாளிகளுக்கு மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைக் கற்பிக்கத் தொடங்கினார்.

உறக்கத்தைப் பற்றியே நேராகச் செய்யப்பட்ட ஆய்வுகளும் உள்ளன. லாஸ் ஏஞ்சலஸ் நகரில், உறக்கம் சரியில்லாத முதியோர் 49 பேரை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஆறு வாரம் கவனப் பயிற்சி பெற்றனர். மற்றப் பிரிவினர் நல்ல உறக்கப் பழக்கங்களைப் பற்றிய பாடம் கேட்டனர். பயிற்சி பெற்றவர்களின் உறக்கமே கூடுதலாகச் சீர்பட்டது என்று 2015-இல் வெளியான முடிவு கூறுகிறது. இது சிறிய ஆய்வே. பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. எனினும் செலவும் தீங்கும் குறைந்த முறையாதலால், செய்து பார்ப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

நாம் இங்கே கூறப்போவது கும்பகம் முதலியவை அடங்கிய யோகப் பயிற்சியன்று. அவற்றைத் தக்க ஆசிரியரிடம் கற்பதே முறை. மூச்சை அடக்காமல், மெதுவாக விட்டு, அதன் மீது கவனம் வைப்பது மட்டுமே நம் பயிற்சி. எச்சமயத்தாரும், எவ்வயதினரும் இதைச் செய்யலாம்.

செய்யும் முறை

முதலாவதாக, கைப்பேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, விளக்கை அணைத்துவிட வேண்டும். கடிகாரம் கண்ணில் படாதிருப்பது நல்லது.

இரண்டாவதாக, மல்லாந்தோ ஒருக்களித்தோ, எது சுகமோ அவ்வாறு படுத்து, ஒரு கையை வயிற்றின் மீது வைக்க வேண்டும். நெற்றி, தாடை, தோள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தளர விட வேண்டும். நாள் முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்குத் தாடை இறுகியிருப்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவதாக, மூச்சை எவ்வகையிலும் மாற்றாமல், எட்டுப் பத்து மூச்சு வெறுமனே கவனிக்க வேண்டும். உள்ளே வரும் காற்று மூக்கின் நுனியில் குளிர்ச்சியாகவும், வெளியே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதை உணரலாம்.

நான்காவதாக, மனத்திற்குள் நான்கு எண்ணும் வரை மூக்கினால் மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி எனக் கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி ஆகும். நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற அளவு தானே வந்துவிடும். உள்மூச்சில் வயிற்றின் மேலுள்ள கை உயர வேண்டும். வெளிமூச்சில் தாழ வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசை நன்கு வேலை செய்வதற்கு இதுவே அடையாளம். ஆறு எண்ணுவதற்குள் மூச்சு முட்டுமானால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளலாம். வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீண்டிருப்பதே முக்கியம். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

ஐந்தாவதாக, அளவெண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சைத் தன் போக்கில் விட்டு, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும். பத்து ஆனதும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் வருந்தாமல் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். உறக்கம் நெருங்கும்போது எண்ணிக்கை தவறுவது இயல்பு. அது நல்ல அறிகுறியும் ஆகும்.

மனம் ஓடினால் என்ன செய்வது?

இப்பயிற்சியைத் தொடங்குவோர் பெரும்பாலோர் சொல்லும் குறை, 'மூன்று மூச்சுக்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. எனக்கு இது வராது' என்பதே. மனம் ஓடுவது தோல்வியன்று. ஓடியதை அறிந்து திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சியே. புதிதாக ஏரில் பூட்டிய காளை முதல் நாளே சால் நேராகப் போவதில்லை. அது விலகும்போதெல்லாம் அடித்தால் மிரண்டு போகும். கயிற்றை மெல்ல இழுத்துச் சாலுக்குக் கொண்டுவந்தால் நாளடைவில் பழகும். மனத்தையும் அவ்வாறே நடத்த வேண்டும்.

கடனைப் பற்றிய எண்ணம் வந்தால் 'கடன்' என்றும், மழையைப் பற்றி வந்தால் 'மழை' என்றும் உள்ளுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சுக்குத் திரும்பலாம். எண்ணத்தோடு வாதாட வேண்டாம்; அதை விரட்டவும் வேண்டாம். விரட்ட முயல்வதும் அதனோடு பேசிக்கொண்டிருப்பதே ஆகும்.

ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால், படுக்கையில் கிடந்து போராட வேண்டாம். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சற்று அமைதியாக உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது மீண்டும் படுக்கலாம். ரிச்சர்டு பூட்சின் என்ற உளவியல் அறிஞர் 1972-ஆம் ஆண்டில் இம்முறையை எடுத்துரைத்தார். விழித்துப் புரளும் இடம் என்று படுக்கையைப் பழக்கிவிட்டால், படுத்ததும் விழிப்பே வரும். உறங்கும் இடம் என்று பழக்க வேண்டும் என்பது இதன் தத்துவம். சுருங்கச் சொன்னால், உறக்கம் வந்தால் இலாபம், வராவிட்டால் ஓய்வு என்ற மனநிலையே சிறந்தது.

கவலைக்கு ஒரு வேளை

'மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடன் அடைந்துவிடுமா?' என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. அடையாது. ஆனால் நள்ளிரவில் விழித்திருந்தாலும் அடையாது. கடனைத் தீர்க்கும் வழி, சங்கத்தின் செயலாளரைப் பார்ப்பதிலும், வங்கியில் தவணையை மாற்றி அமைக்கக் கேட்பதிலும், பயிர்க் காப்பீட்டைப் பதிவு செய்வதிலும் இருக்கிறது. இவையெல்லாம் பகலில் செய்யும் வேலைகள். அவற்றைத் தெளிந்த தலையுடன் செய்வதற்காகவே இரவில் உறங்க வேண்டும்.

ஆகையால் கவலைகளுக்கென்று மாலையில் கால்மணி நேரம் ஒதுக்குவது நன்று. விளக்கேற்றும் வேளையில் ஒரு தாளை எடுத்து, மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைக்கலாம். எழுதப் பழக்கமில்லாதவர் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யலாம். 57 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் தாங்கள் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட விரைவில் உறங்கினர். மனம் மறந்துவிடுமோ என்று அஞ்சிச் சுமந்துகொண்டிருந்த மூட்டையைத் தாளின் மீது இறக்கி வைத்துவிட்டால், அதைக் காவல் காக்க வேண்டியதில்லை.

பகலிலும் பயன்

இப்பயிற்சியை இரவுக்கென்று மட்டும் வைத்திருக்க வேண்டாம். பகலில் பழகாத ஒன்று இரவில் கைகொடுப்பது அரிது. உழவு ஓட்டிக் களைத்து வரப்பின் நிழலில் அமரும்போதும், கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும்போதும், பேருந்தில் செல்லும்போதும், கண்ணை மூடாமலே பத்து மூச்சு கவனிக்கலாம். வாய்க்கால் முறை பற்றிய தகராறில் பதில் சொல்ல வாயெடுக்குமுன், ஒரு நீண்ட வெளிமூச்சு விட்டுப் பேசினால் சொல்லின் சூடு தணியும். கிராம சபையில் பேச எழும்போது நெஞ்சு படபடக்கும் புதிய உறுப்பினர்களுக்கு, சிறப்பாக முதன்முறையாக மேடை ஏறும் பெண் உறுப்பினர்களுக்கு, இது நல்ல துணை.

நல்ல உறக்கத்திற்கு வேண்டிய மற்றச் சில பழக்கங்களும் மூச்சுப் பயிற்சிக்கு உறுதுணை. எந்நேரம் படுத்தாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். மாலைக்குப் பின் தேநீரும் காப்பியும் தவிர்க்கத்தக்கவை. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த காப்பியும் உறக்கத்தைக் குறைக்கக் கூடும். மது உறக்கம் தரும் என்று எண்ணுவது பெரும் பிழை. அது தொடக்கத்தில் கண்ணை மூடச் செய்து, பின்னிரவில் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். மும்முனை மின்சாரம் இரவில் வரும் பகுதிகளில் நீர் பாய்ச்சக் கண் விழிக்க நேர்ந்தவர்கள், மறுநாள் காலையில் இருட்டிய அறையில் உறங்கிக் கணக்கை நேர்செய்ய வேண்டும். வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை.

எல்லை எது?

எந்த மருந்துக்கும் எல்லை உண்டு, இப்பயிற்சிக்கும் உண்டு. வாரத்தில் குறைந்தது மூன்று இரவு உறக்கம் கெட்டு, அந்நிலை மூன்று மாதத்திற்கு நீடித்தால் அது நாள்பட்ட உறக்கமின்மை எனப்படும். அத்தகையோர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் காண வேண்டும். நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில், எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் சிகிச்சையை அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மருந்துக் கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவர்களும், பகலில் அடக்க முடியாமல் உறங்கி விழுபவர்களும், பயிற்சியை நம்பிக் காலம் கடத்தாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் மூச்சை வலிந்து இழுக்காமல் இயல்பாகவே கவனித்தால் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறது என்பவர் சிலர் உண்டு. அவர்கள் பாதங்கள் பாயைத் தொடும் உணர்ச்சியையோ, வெளியே கேட்கும் பூச்சிகளின் ஒலியையோ கவனிக்கலாம்.

இனிச் சொல்வது இக்கட்டுரையில் மிகவும் முக்கியமானது. எதிலும் பற்றில்லாமை, உணவில் வெறுப்பு, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை ஒருவரிடம் காணப்பட்டால், அவருக்கு மூச்சுப் பயிற்சியைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அன்றே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பூச்சிமருந்துப் புட்டிகளை வீட்டின் இறவாணத்திலும் பரணிலும் வைக்காமல், வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் வைப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. ஒரு நொடியின் வேதனைக்கும் மீள முடியாத செயலுக்கும் இடையே ஒரு பூட்டு நின்று உயிர் காத்துவிடக் கூடும்.

ஊராட்சி செய்யக் கூடியவை

உறக்கம் தனிமனிதர் காரியம் போலத் தோன்றினாலும், ஊரின் அமைதி ஊராட்சியின் பொறுப்பில் உள்ளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தல் கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், திருவிழா நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். விழாக் குழுவினரை முன்கூட்டியே அழைத்து, இவ்விதியை அன்புடன் எடுத்துரைத்து உடன்பாடு காண்பது உறுப்பினர்களின் செல்வாக்குக்கு உட்பட்ட காரியமே. தெருவிளக்கின் வெளிச்சம் வீட்டின் சன்னலுக்குள் நேராக விழாதவாறு திருப்பி அமைப்பதும் சிறு செலவில் முடியும்.

நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ வாரம் ஒரு மாலை, மகளிர் சுய உதவிக் குழுவினரும் உழவர்களும் சேர்ந்து அமர்ந்து பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, மேலே கூறிய எச்சரிக்கைகளை விளக்கச் செய்யலாம். 14416 என்ற எண்ணைக் கூட்டுறவுச் சங்கச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், உரக்கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். இதற்கு ஒரு வாளிச் சுண்ணாம்பும் கொஞ்சம் நீலமும் போதும்.

நெற்குவியலை விட்டுவிட்டு வந்த குடியானவரிடம் இறுதியாகத் திரும்புவோம். மின்னல் இன்னும் வெட்டுகிறது. தார்ப்பாயின் ஓரத்தில் கல் வைத்து வந்திருக்கிறார். அவரால் ஆகக்கூடியதைச் செய்துவிட்டார். மறுநாள் பார்க்க வேண்டியவர்களின் பெயர் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. இனி விடியும்வரை அவர் செய்வதற்கு ஒரே வேலைதான் உண்டு. அவர் வயிற்றின் மேல் கையை வைத்து, உள்ளே வரும் மூச்சையும் வெளியே செல்லும் மூச்சையும் பார்த்திருக்கட்டும். மழை வந்தால் எழுந்து ஓடுவதற்கும், வராவிட்டால் காலையில் நெல்லை அளந்து போடுவதற்கும், உறங்கி எழுந்த உடல்தான் வேண்டும்.